ஜிம்முக்கு நேரமில்லாதவர்கள் கேட்டவை

உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. அலுவலகம், வீடு, பிள்ளைகள் என்று ஓடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். "அன்றாட வேலைக்கு நடுவே உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது, கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன். சிலர் என்னை டாக்டர் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது பிரச்சினைக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், இங்கே படித்ததை உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மேடம், காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டு. இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாது. பத்து நிமிடம் செய்தால் ஏதாவது பலன் உண்டா, அல்லது மனசமாதானத்துக்குத்தானா?

பலன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலை. முன்பெல்லாம் "ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது இருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதையே எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடம் மாடிப்படி ஏறினாலும் கணக்கில் சேரும்.

1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற ஆய்வாளர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு எழுதினார். ஒரே பேருந்து, ஒரே பணிச்சூழல். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் படியேறி இறங்குவார். மாரடைப்பு நடத்துநர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. அவர்களில் யாரும் ஜிம்முக்குப் போய் அதைச் சாதிக்கவில்லை. வேலைக்குள்ளேயே அசைவு இருந்தது. நீங்களும் அந்த மாதிரி அசைவை உங்கள் நாளுக்குள் புகுத்தப் பாருங்கள்.

போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுங்கள். இரண்டு மாடிக்கு லிஃப்ட் வேண்டாம். தசைக்கு நான் எல்லாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது நாற்காலிப் பயிற்சி. நகராத, சக்கரமில்லாத நாற்காலியின் முன்நுனியில் உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னே தள்ளி. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். குதிகாலைத் தரையில் அழுத்தி எழுந்திருங்கள். இறங்கும்போதுதான் வேலையே இருக்கிறது: மனதுக்குள் மூன்று எண்ணி, மெதுவாக. பொத்தென்று விழுந்தால் அந்த ஒன்று கணக்கில் இல்லை. பத்து தடவை செய்யுங்கள். பிறகு சமையல் மேடையில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை ஒரே நேர்கோட்டில் வைத்து மார்பை மேடைக்கு அருகே கொண்டுபோய்த் தள்ளுங்கள், அதுவும் பத்து. மேடை அசையாதது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மூன்று சுற்று செய்ய பத்து நிமிடம் போதும். சுலபமாகிவிட்டால் ஒரு பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போக வேண்டும், தசை அதற்குத்தான் வளர்ந்து கொடுக்கும்.

தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா? எனக்கு 6,000-க்கு மேல் வருவதே இல்லை.

அந்த எண் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த வருடம், 1965-ல், ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்த எண் அது. சொல்வதற்கு வசதியாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது. 2019-ல் சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 நடப்பவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-க்குப் பிறகு பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை. உங்கள் 6,000 நல்ல எண்தான். கூட்டுவதைவிட, அதில் ஒரு பகுதியை வேகமாக நடக்கப் பாருங்கள். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவு மூச்சு வாங்கினால் மிதமான வேகம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தொப்பை மட்டும் குறைய எந்தப் பயிற்சி?

அப்படி ஒன்று இல்லை. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை பலப்படும். அதன் மேலுள்ள கொழுப்பு எங்கிருந்து முதலில் கரைய வேண்டும் என்பதை உங்கள் உடம்புதான் முடிவு செய்யும். மொத்தக் கொழுப்பு குறையும்போது தொப்பையும் குறையும். எடைக்கருவியோடு ஒரு டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள், இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும்.

அக்கா, நாள் முழுக்க வீட்டில் நின்றுகொண்டே இருக்கிறேன். பெருக்கித் துடைத்து, துவைத்து, சமைத்து, பிள்ளையைத் தூக்கி. "அதுவே உனக்கு எக்சர்சைஸ்" என்கிறார் கணவர். சரியா?

பாதி சரி. மூச்சு வாங்கத் துடைப்பது, சுமை தூக்கி மாடி ஏறுவது எல்லாம் அந்த 150 நிமிடத்தில் தாராளமாகச் சேரும். நின்றுகொண்டே இருப்பது சேராது, அது கால் வலியைத்தான் தரும். இன்னொன்று, வீட்டு வேலையில் சுமை கூடுவதே இல்லை. இன்றைக்கு இருக்கும் அதே வாளிதான் அடுத்த வருடமும். உடம்பு அதற்குப் பழகிவிட்டால் தசை மேற்கொண்டு வளராது. அதனால் வாரம் இரண்டு நாள் மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சி உங்களுக்கும் வேண்டும். அந்தப் பத்து நிமிடம் வீட்டைப் பெருக்குவது கணவருக்கு எக்சர்சைஸாக இருக்கட்டும்.

சாப்பாட்டில் எதைப் பின்பற்றுவது என்றே புரியவில்லை. ஒருவர் மாவுச்சத்தை நிறுத்து என்கிறார், இன்னொருவர் 16 மணி நேரம் பட்டினி இரு என்கிறார். சமைக்கவும் நேரம் குறைவு.

மாவுச்சத்தைக் குறைத்தாலும் சாப்பிடும் நேரத்தைக் குறைத்தாலும் எடை இறங்குவதற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான்: மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுகிறோம். எது உங்களால் வருடக்கணக்கில் முடியுமோ அதுதான் உங்களுக்கு. 16 மணி நேரம் பட்டினி இருந்துவிட்டு மிச்ச எட்டு மணி நேரமும் மென்றுகொண்டே இருப்பவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

தட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். பாதித் தட்டு காய்கறி, கீரை, பழம். கால்பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி, இவற்றில் உங்களுக்குப் பழக்கமானது. மிச்சக் கால்பங்கு தானியம். பெரும்பாலான தட்டுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும், தானியம் முக்கால் தட்டை அடைத்துக்கொள்ளும். முதல் வாரம் அதைக் குறைக்கக்கூட வேண்டாம். காயை இரண்டு மடங்காக்கி, அதை முதலில் சாப்பிடுங்கள். தானியம் தானாகக் குறையும்.

அப்புறம் எண்ணெய். இதை யாருமே எண்ணுவதில்லை. ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம், அதாவது 120 கலோரிக்கு மேல். பாட்டிலை அப்படியே சட்டியில் கவிழ்க்கிறவர்களிடம், ஒருநாள் ஊற்றும் அளவை முதலில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பிறகு கரண்டியால் அளந்து பாருங்கள் என்று சொல்வேன். "ஒரு கரண்டிதான் ஊற்றுவேன்" என்றவருக்கு மூன்று, நான்கு கரண்டி வரும். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சராசரி உடல்வாகு உள்ளவருக்குச் செலவாவது கிட்டத்தட்ட ஒரு கரண்டி எண்ணெய்தான். எண்ணெயே கூடாது என்று சொல்லவில்லை. பாட்டிலுக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு கரண்டி இருக்கட்டும், அவ்வளவுதான்.

நேரம் குறைவு என்றால், பயறு வகையை வாரத்துக்கு இரண்டு முறை மொத்தமாக வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். அது தயாராக இருந்தால் மிச்சம் பதினைந்து நிமிட வேலை.

பாக்கெட் உணவு அவ்வளவு மோசமா? கலோரி பார்த்துத்தானே வாங்குகிறேன்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவின்போது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடையும் ஏறியது. நீங்கள் பார்த்து வாங்கும் கலோரி ஒரு பங்குக்கு, அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கு உரியது. பாக்கெட்டில் எத்தனை பங்கு என்று அதே லேபிளில் பாருங்கள்.

புரோட்டீன் பவுடர் வாங்கலாமா? என் எடை 60 கிலோ.

கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான அடிப்படைத் தேவை, உங்களுக்கு 48 கிராம். எடைப்பயிற்சி செய்தால் 1.2 முதல் 1.6 கிராம் வரை போகலாம், அதாவது 72 முதல் 96. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6, 7 கிராம், வேகவைத்த பயறு 100 கிராமில் 8 கிராம் அளவுக்கு இருக்கும். ஒருநாள் சாப்பிட்டதை எழுதிக் கூட்டிப் பாருங்கள். எட்டவில்லை, சமைக்கவும் முடியவில்லை என்றால் பவுடர் ஒரு வசதி. அதற்குமேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. இப்போது இரண்டு வாரமாக அசையவே இல்லை. என்ன தவறு?

தவறு எதுவும் இல்லை, முதல் வாரம் இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அது தீர, தண்ணீரும் வெளியேறும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 500 கலோரி குறைத்தாலும் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவுதான். அதையும் உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய் எல்லாம் மறைத்துவிடும். தினமும் பார்ப்பதானால் வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

இரவு ஷிஃப்ட். விடியற்காலை மூன்று மணிக்குத் தாங்க முடியாத பசி.

தூக்கம் குறைந்தால் பசி கூடும், இனிப்புக்கும் எண்ணெய்ப் பண்டத்துக்கும் நாக்கு அலையும். அது உங்கள் மன உறுதிக் குறைவு இல்லை. ஷிஃப்டுக்குப் போகும் முன் புரதமும் காயும் உள்ள முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள். நள்ளிரவுக்கு மேல் சிறிதாக: முட்டை, தயிர், பயறு, பழம். வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், மூன்று மணிக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் இயந்திரத்தில் விற்கும் பாக்கெட்தான். ஷிஃப்டின் பின்பாதியில் காபி வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அறையை நன்றாக இருட்டாக்கிப் படுங்கள். பயிற்சியை ஷிஃப்ட் முடித்த களைப்பில் செய்யாதீர்கள், தூங்கி எழுந்தபின் செய்யுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது. மூட்டுத் தேய்மானம். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று பயந்து உட்கார்ந்தே இருக்கிறார்.

உட்கார்ந்தே இருப்பதுதான் நிலைமையை மோசமாக்கும். மூட்டுத் தேய்மானத்துக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளில் ஒன்றே உடற்பயிற்சி. தொடைத் தசை பலமாக இருந்தால் முழங்காலின் சுமையை அது வாங்கிக்கொள்ளும். அம்மாவுக்கும் அதே நாற்காலிதான். ஆனால் கைப்பிடி உள்ள, கொஞ்சம் உயரமான நாற்காலி, உயரம் போதாவிட்டால் கெட்டியான திண்டு போடுங்கள். கையால் ஊன்றி எழட்டும், ஐந்து தடவையில் ஆரம்பிக்கட்டும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாட்டில் அம்மாவுக்குப் புரதம் எவ்வளவு போகிறது என்றும் பாருங்கள். வயதானவர்கள் மெல்ல முடியாமல் கஞ்சி, ரொட்டி என்று ஒதுங்கிவிடுவார்கள், தசை கரைய அதுவும் ஒரு காரணம்.

சர்க்கரைக்குப் பதில் தேன், பழத்துக்குப் பதில் ஜூஸ்?

உலக சுகாதார நிறுவனம் தேனையும் ஜூஸையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

முதல் நாள் செய்தேன், மறுநாள் படியிறங்க முடியவில்லை. விட்டுவிடட்டுமா?

விடாதீர்கள். பழகாத தசைக்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை வலி இருக்கும். அன்று லேசாக நடங்கள், அடுத்த முறை பாதி அளவு செய்யுங்கள். மூட்டுக்குள் குத்துகிற மாதிரி வலித்தால் அது வேறு, காட்டுங்கள்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். ஒவ்வொரு மாதமும் ஆரம்பித்து விட்டுவிடுகிறேன்.

லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு அளந்து பார்த்தபோது, ஒரு செயல் தன்னிச்சையாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகியிருந்தது. ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை வித்தியாசம். இடையில் ஒருநாள் விட்டவர்களுக்குப் பெரிய பாதிப்பும் இல்லை. அதனால் 22-ஆம் நாளும் சலிப்பாக இருந்தால் அது இயல்பு. புதிதாக நேரம் தேடாதீர்கள், ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். காபி கொதிக்கும்வரை சமையல் மேடையில் தள்ளுவது, பல் தேய்த்ததும் நாற்காலி. முடியாத நாளுக்கென்று ஒரு குட்டி அளவும் வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்தே ஐந்து. காய்ச்சல் என்றால் அதுவும் வேண்டாம்.

சாப்பிட்டவுடன் நடக்கலாமா? கூடாது என்கிறார்கள் வீட்டில்.

மெதுவாகத் தாராளமாக நடக்கலாம். பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால், சாப்பிட்டபின் ஏறும் ரத்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தசை எடுத்துக்கொள்ளும். ஓட்டம், குதித்தல் எல்லாம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து. நெஞ்செரிச்சல் வருகிறவர்கள் நடக்காவிட்டாலும் உடனே படுக்கவாவது வேண்டாம். வீட்டில் ஆட்சேபித்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.