எஞ்சின் போன காரை என்ன செய்வது: ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்

தம்பி, இதே சிக்கலில் வேறு சிலரும் இருப்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன். கனடாவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 2012ஆம் ஆண்டுக் கார் ஒன்றை 6,000 டொலருக்கு வாங்கி, ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து பக்கத்து நகரமான பிராம்ப்டனில் உள்ள களஞ்சியத்துக்கு இரவு வேலைக்கு ஓடியிருக்கிறீர்கள். 401 நெடுஞ்சாலையில் எஞ்சின் கடகடவென்று அடித்து நின்றுவிட்டது. உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்து ரீபில்ட் செய்யலாம் அல்லது பாவித்த எஞ்சின் ஒன்றைப் போடலாம் என்கிறார் கராஜ்காரர். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமாவோ, "எஞ்சினை இறக்கிச் செய்வித்தால் இன்னும் பத்து வருடம் ஓடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மாமா அங்கே இருந்துகொண்டு சொல்வது சரியான பேச்சுத்தான். இலங்கையில் வாகன இறக்குமதி வரி வாகனத்தின் விலையையே விழுங்கிவிடும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியவர்கள், தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி வழிவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கார் ஒரு சொத்து, கடைசல் பட்டறைக் கூலி அதில் ஒரு சிறு பங்கு. போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய் குடித்து ஓடிய மொறிஸ் மைனர்களையே திரும்பத் திரும்பச் செய்து ஓட்டிய ஊர் அது. இங்கே கணக்குத் தலைகீழ். இரும்பு மலிவு, மனிதக் கை விலை. மணிக்கு நூறு டொலருக்கு மேல் வாங்கும் ஒருவர் எஞ்சினை இறக்கி, பிரித்து, எஞ்சினின் உடலான பிளொக்கையும் சுழல்தண்டான கிராங்கையும் மெஷின் ஷொப்புக்கு அனுப்பி, திரும்பப் பூட்டி முடிக்கும்போது பில் காரின் விலையைத் தாண்டியிருக்கும். பழைய அரிய கார், பெரிய டீசல் டிரக் என்றால் ரீபில்ட் செய்ய நியாயம் உண்டு. உங்கள் காருக்கு வேண்டாம்.

இன்னொன்று, ரீபில்ட் என்ற பெயரில் ரிங்கையும் பெயாரிங்கையும் மட்டும் மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்ரொட்டின் பெயாரிங் அடித்த எஞ்சினில் கிராங்க் கீறுப்பட்டிருக்கும். உலோகத் துகள் எண்ணெய்ப் பாதை முழுக்கப் போயிருக்கும். அதற்குள் புதுப் பெயாரிங் போட்டால் அதுவும் கொஞ்ச நாளில் அடிக்கத் தொடங்கும். "1,500 டொலர் தாருங்கள், பெயாரிங்கை மாற்றி விடுகிறேன்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அதற்கு முதல், போனது பெயாரிங்தானா என்று உறுதிசெய்யுங்கள். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சொன்னாரா, அல்லது ஒயில் பானைக் கழற்றிப் பார்த்தாரா? ஒயில் வடிகட்டியை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பளபளவென்று துகள் இருந்தால் கதை முடிந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்து, வெள்ளைப் புகை வந்து, எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் அது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குக் கீழே உள்ள கேஸ்கட் பக்கத்துக் கோளாறாக இருக்கலாம். ஹெட் வளையாவிட்டால் அதைத் திருத்திக்கொள்ள முடியும்.

காரின் கம்பனியை நீங்கள் எழுதவில்லை. ஹூண்டாய் அல்லது கியா என்றால் ஒரு சதமும் செலவழிக்க முன்னர் காரின் அடையாளமான 17 எழுத்து விஐஎன் எண்ணோடு டீலரிடம் போங்கள். அவர்களுடைய தீட்டா 2 வகை எஞ்சின்களில், தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள் பெயாரிங்குக்கு எண்ணெய் போவதைத் தடுத்தது. 2015இலும் 2017இலும் அமெரிக்காவில் பெருந்தொகையான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கனடாவிலும் அழைத்தார்கள், பல மாடல்களுக்கு எஞ்சின் உத்தரவாதத்தையும் நீட்டினார்கள். வேறு கம்பனி என்றாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. எண்ணெய் மாற்றிய ரசீதுகள் இருந்தால் எடுத்து வையுங்கள், கேட்பார்கள்.

உத்தரவாதம் இல்லை என்றால், அடுத்து காரைத் தூக்கிக் கீழே பாருங்கள். என்னைக் கேட்டால் தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க இவர்கள் தெருவில் கொட்டும் உப்பு 2012ஆம் ஆண்டுக் காரை எப்படித் தின்றிருக்கும் என்று மேலே மினுங்கும் பெயின்ற் சொல்லாது. எஞ்சினைத் தாங்கும் சட்டம், பிரேக் குழாய்கள், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் காருக்கு எந்த எஞ்சினும் வேண்டாம். கியர்பெட்டி முன்னரே இழுத்து இழுத்து மாறியிருந்தாலும் அப்படித்தான்.

கீழ்ப்பக்கம் சுத்தம், கியர் நல்லது என்றால் பாவித்த எஞ்சின் போடுவதுதான் என் பக்கம். பில் 4,500 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி சேர 5,085. "6,000 டொலர்க் காருக்கு 5,085 டொலரா?" என்று வயிறு எரியும். கொடுத்த 6,000ஐ மறந்துவிடுங்கள், அது போனது. இன்னொரு காரை அதே விலைக்கு வாங்கினால் அதற்கும் 13 வீத வரி உண்டு, சேஃப்ரி என்ற பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்கவேண்டி வரலாம், அதன் எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் காரின் பிரேக், ரயர், கியர் எல்லாவற்றையும் நீங்கள் அறிவீர்கள்.

எஞ்சினை வாங்கும்போது அது எந்தக் காரிலிருந்து எடுத்தது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, சிலிண்டருக்குள் அமுக்கம், அதாவது கொம்பிரஷன், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வெளியே இருக்கும்போதே வோட்டர் பம்ப், தேர்மோஸ்டற், எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் கிராங்கின் பின்பக்கச் சீல் ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள். பூட்டிய பிறகு அந்தச் சீல் ஒழுகினால் திரும்பவும் பெரிய வேலை.

நம் மாகாணமான ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம். கடைசிப் பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. புதிய அல்லது மீள்புதுப்பித்த பாகங்களுக்கும் அவற்றைப் பூட்டிய கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. கவனியுங்கள், பழைய கார்களை உடைக்கும் யார்டிலிருந்து வரும் பாவித்த எஞ்சினை அந்த வசனம் சொல்லவில்லை. அதனால் எஞ்சினுக்கும், அது பழுதானால் மறுபடி இறக்கி ஏற்றும் கூலிக்கும் சேர்த்து உத்தரவாதத்தைத் தனியாக எழுதி வாங்குங்கள். நம்மவர் கராஜ், தெரிந்த முகம் என்று விட்டுவிடாதீர்கள். தெரிந்தவரிடம் காகிதம் கேட்கக் கூச்சப்படுவது நம் ஆட்களுக்கு இங்கே அதிகம் செலவு வைக்கும் பழக்கம்.

காரை விடுவதென்றே முடிவானால் முதல் வந்த ஸ்கிராப்காரருக்குக் கொடுக்காமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரில் விலையுயர்ந்த உலோகம் இருக்கிறது, அது காரில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். இழுவை வண்டி வருவதற்கு முன் நம்பர் பிளேற்றைக் கழற்றி எடுங்கள். ஒன்ராறியோவில் அது காருடையதல்ல, உங்களுடையது. காப்புறுதியை உடனே வெட்டிவிடாமல், அடுத்த கார் வரும்வரை என்ன செய்யலாம் என்று முகவரிடம் கேளுங்கள். புதிதாக வந்தவருக்கு இடைவெளி விழுந்தால் பிரீமியம் ஏறலாம். அதுவரை, பிராம்ப்டன் இரவு வேலைக்கு ஸ்காபரோவிலிருந்து போகும் வேறு ஆட்கள் உங்கள் களஞ்சியத்திலேயே இருப்பார்கள். பெற்றோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு அவர்களோடு போங்கள்.