“ஒரு பீர்தான் சார்” என்று ஒப்புக்கொண்ட பிறகு வழக்கை எதிர்க்க முடியுமா?

திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: “நண்பரின் திருமண வரவேற்பு முடிந்து இரவு பத்தே முக்கால் மணிக்கு பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வாகனச் சோதனையில் நிறுத்திய எஸ்.ஐ., ‘குடிச்சிருக்கீங்களா?’ என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வராமல், ‘ஆமாம் சார், ஒரு பீர்தான், இப்பதான் பத்து நிமிஷம் முன்னாடி’ என்றேன். ஊதச் சொன்னார்கள். முதலில் 52 என்று காட்டியது. உடனே மறுபடி ஊத வைத்தார்கள், 38 வந்தது. 38 என்று அச்சான சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, லைசென்ஸையும் வண்டியையும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் நீதிமன்றத்துக்கு வர வேண்டுமாம். நானே ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு எதிர்க்க வழி உண்டா? பேசாமல் பத்தாயிரத்தைக் கட்டிவிடுவதுதான் நல்லதா?”

எதிர்க்க வழி உண்டு. ஆனால் அந்த வழி எங்கே இருக்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, சாலையில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பயந்து, நீதிமன்றத்தில் அதைவிடப் பல மடங்கு கனமான இன்னொரு வார்த்தையைச் சொல்லிவிடுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, மதுவைப் பொறுத்தவரை, குடித்துவிட்டு ஓட்டுவதைப் பொதுவாகத் தடை செய்யவில்லை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பது மூச்சுப் பரிசோதனைக் கருவியிலோ ஆய்வகச் சோதனை போன்ற வேறு சோதனையிலோ கண்டறியப்பட்டால்தான் அது குற்றமாகிறது. ஆகவே அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியது நீங்கள் குடித்தீர்கள் என்பதை அல்ல, வண்டி ஓட்டிய நேரத்தில் அந்த எண்ணைத் தாண்டியிருந்தீர்கள் என்பதை. “ஒரு பீர் குடித்தேன்” என்ற பதிலில் எந்த எண்ணும் இல்லை. அந்தப் பதில் எஸ்.ஐ.க்கு உங்களைச் சோதிக்கக் காரணம் கொடுத்தது என்பதற்கு மேல் அதற்குப் பெரிய பயன் கிடையாது.

அதற்கும் மேலாக, காவல்துறை அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை அதைச் செய்தவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்ற பழைய விதி, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. “மது அருந்தி வாகனம் ஓட்டியது என் தவறு, மன்னிக்கவும்” என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியிருந்தாலும் இதே பாதுகாப்பு உண்டு. ஆனால் இந்த விதி காவல்துறையை ஒட்டியது. மோட்டார் வாகன ஆய்வாளர் காவல்துறை அதிகாரி அல்லர் என்பதால் அவரிடம் சொன்னதற்கு இது தானாகப் பொருந்தாது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்த படிவத்துக்கும், நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கும் பொருந்தவே பொருந்தாது. எனவே இன்று முதல் இந்த விஷயத்தை உங்கள் வழக்கறிஞரைத் தவிர வேறு எவரிடமும் எழுத்தில் விவரிக்காதீர்கள்.

இனி, உண்மையில் அஞ்ச வேண்டிய ஒப்புதலுக்கு வருகிறேன். இத்தகைய வழக்குகள் எடுக்கப்படும் காலைகளில் நீதிமன்ற வராந்தாவில் ஐம்பது பேர் நின்றிருப்பார்கள். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனால், குற்றச்சாட்டின் சாரத்தை ஒரு வரியில் சொல்லி, “குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” என்று நடுவர் கேட்பார். பின்னால் நிற்பவர் “ஆமான்னு சொல்லுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்” என்று காதில் சொல்வார். அந்த “ஆமாம்” ஒரு நிமிடத்தில் பதிவாகிவிடும். அபராதம் 10,000 ரூபாய் என்று மட்டும்தான் பெரும்பாலோர் நினைத்திருக்கிறார்கள். சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. அதைவிட முக்கியமாக, 185இன் கீழ் தண்டிக்கப்பட்டவரை ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவராகக் குறைந்தது ஆறு மாதத்துக்கு நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. வண்டி ஓட்டித்தான் பிழைப்பு என்றால் இது அபராதத்தைவிடப் பெரிய அடி. மறுமுறை சிக்கினால் அது இரண்டாவது குற்றமாகி, இரண்டு ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம் என்று உயர்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவு அல்லது சட்டத் தன்மை பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். “நான் குற்றமே செய்யவில்லை” என்று பிறகு வாதிட முடியாது.

ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஆவணங்களைப் பார்த்தாக வேண்டும். முதலில் கையிலிருக்கும் சீட்டு. கடைகளில் பில் அடிக்கும் அதே வெப்பத்தாள்தான் அது. சட்டைப் பையில் வைத்தால் சில வாரங்களில் எழுத்து மங்கிவிடும், இன்றே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் வரிசை எண், சோதனை எண், தேதி, நேரம், அளவு, கடைசியாகத் துல்லியம் சரிபார்க்கப்பட்ட நாள் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் ஊதுவதற்கு முன் வெறும் காற்றை வைத்துக் கருவி சுழியம் காட்டியதா என்பது தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அந்த வெற்றுச் சோதனை முறையாக இல்லாத ஒரு வழக்கில் 185ஆம் பிரிவுக் குற்றச்சாட்டைக் கேரள உயர் நீதிமன்றம் 2025இல் ரத்து செய்தது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டத் தக்கது.

உங்கள் விஷயத்தில் என் கண்ணில் முதலில் பட்டது 52க்கும் 38க்கும் உள்ள இடைவெளி. இரத்தத்தில் உள்ள ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் அளவில்தான் குறையும். ஓரிரு நிமிடத்தில் 14 குறைவதற்கு உடலில் வழியில்லை. கடைசி மடக்கைக் குடித்துப் பத்து நிமிடமே ஆகியிருந்தால், வாயிலும் தொண்டையிலும் ஒட்டியிருக்கும் மது நுரையீரல் காற்றோடு சேர்ந்து எண்ணை உயர்த்திக் காட்டும். இதற்காகத்தான் பதினைந்து நிமிடமாவது காத்திருந்து ஊத வைக்க வேண்டும் என்பது இத்துறையில் பொதுவான நடைமுறை. இரண்டாவது அளவான 38இலும் வாயில் தங்கிய மதுவின் பங்கு இருந்திருக்கலாம் என்று ஐயம் எழுப்ப இது நேர்மையான அடிப்படை. முதல் சோதனையின் பதிவு கருவியின் நினைவகத்தில் இருக்கக்கூடும். அதையும் சரிபார்ப்புச் சான்றிதழையும் வரவழைக்க வழக்கறிஞர் மனு செய்யலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 650 மில்லி பாட்டிலில் 5 சதவீத பீர் என்றால் அதில் சுமார் 25 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது முழுவதும் இரத்தத்தில் கலக்கும்போது ஏறத்தாழ 50 மில்லி கிராம் வரை போகலாம். “ஒரு பீர்தான்” என்பது சட்ட வரம்புக்குள் இருப்பதற்கு உத்தரவாதம் அல்ல; நீங்கள் குடித்தது முழு பாட்டில் என்றால் வழக்கறிஞரிடம் அதை அப்படியே சொல்லுங்கள்.

டீக்கடையில் சொல்லப்படும் சில வாதங்களை நம்ப வேண்டாம். “இரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை, கேஸ் நிற்காது” என்பது அவற்றில் முதலாவது. மூச்சுக் கருவியின் அளவே சட்டப்படி ஏற்கத்தக்க சாட்சியம். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்கவில்லை என்பதும் தனியே காப்பாற்றாது. கைது செய்யப்பட்டவரை அந்நிலையில் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றுதான் 202ஆம் பிரிவு சொல்கிறது, வழக்கு முடிந்துவிடும் என்று சொல்லவில்லை. மாறாக, எந்தச் சோதனையும் இல்லாமல் “வாடை வந்தது, தள்ளாடினார்” என்று மட்டும் எழுதப்பட்ட வழக்குகள் உண்மையிலேயே பலவீனமானவை. மூச்சில் வாடை, தள்ளாட்டம், குழறல் ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் மது அருந்தியதாக முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே கூறியிருக்கிறது. உங்களுக்கு அது உதவாது, ஏனென்றால் நீங்கள் ஊதியிருக்கிறீர்கள்.

நீதிமன்ற நாளில் செய்ய வேண்டியது எளிது. கேள்வி வந்ததும், “ஐயா, ஆவணங்களின் நகல் வேண்டும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும்” என்று கேளுங்கள். இதற்காக எந்த நடுவரும் கோபிக்க மாட்டார். நகல்களைப் பார்த்த பிறகு எதிர்ப்பது என்று முடிவானால் “ஒப்புக்கொள்ளவில்லை” என்று சொன்னால் போதும், விளக்கம் தேவையில்லை. விளக்கத் தொடங்கினால்தான் “ஒரு பீர்தான் ஐயா” என்று நீதிமன்றத்திலேயே, எந்தப் பாதுகாப்பும் இல்லாத இடத்தில், மறுபடி சொல்ல நேரும். சோதனை செய்தவர் சாட்சிக் கூண்டுக்கு வந்து குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழிகாட்டுவார்கள்.

நகல்களில் எல்லாம் சரியாக இருந்து, கருவியின் சான்றிதழும் நடப்பில் இருந்து, வெற்றுச் சோதனையும் பதிவாகியிருந்தால், வழக்கை இழுத்தடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்போது ஒப்புக்கொண்டு, முதல் குற்றம் என்பதையும் எவருக்கும் காயமில்லை என்பதையும் கூறி, சிறைத் தண்டனை இன்றி அபராதத்தோடும் குறைந்தபட்சத் தகுதி நீக்கத்தோடும் முடித்துத் தருமாறு கேட்பதே சரி.

வண்டியைப் பொறுத்தவரை, ஆர்.சி.யும் அடையாளச் சான்றும் காட்டி, குடிக்காத ஒருவர் வந்து எடுத்துச்செல்ல எழுத்தில் விண்ணப்பியுங்கள். குடித்து ஓட்டிய காரணத்துக்காக மட்டும் வாகனத்தைப் பறிமுதல் செய்து வைத்திருக்கக் காவல்துறைக்கு அதிகாரமில்லை என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021இல் கூறியதை விண்ணப்பத்தில் குறிப்பிடலாம்.

லைசென்ஸ் தனிப் பாதையில் போகிறது. காவல்துறை அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பும், நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராமலேயே அவர்கள் முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அந்த நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலில் இரு அளவுகளின் முரண்பாட்டையும் வழக்கு நிலுவையில் இருப்பதையும் மட்டும் எழுதுங்கள். குடித்த கதையை அங்கேயும் எழுத வேண்டாம். ஆணை பாதகமாக வந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுதி நீக்கக் காலத்தில் தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியை எடுக்காதீர்கள். அது 182ஆம் பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் கொண்ட தனிக் குற்றம், அதற்கு எந்தக் கருவியின் எண்ணும் தேவைப்படாது.