டெப்பில் கீபோர்ட் பூட்டினால் லப்டொப் ஆகுமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் டெப் பற்றியவை. முக்கால்வாசிப் பேர் மொடல் பெயரை எழுதவே இல்லை. “என்னிடம் சாம்சங் டெப் இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. செட்டிங்ஸின் அடியில் இருக்கும் ‘அபவுட்’ பகுதியைத் திறந்து, அங்கே இருப்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

சேர், லப்டொப் பழுதாகிவிட்டது. டெப் ஒன்று வாங்கி கீபோர்ட்டும் மவுசும் பூட்டினால் காணுமா? (உவர்மலை)

என்ன வேலைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. பாடக்குறிப்பு, கடிதம், மின்னஞ்சல், சூம் வகுப்பு, பிடிஎப் வாசிப்பு என்றால் தாராளமாகக் காணும். கணக்கியல் மென்பொருள், ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் என்றால் காணாது. டெப், கீபோர்ட் கவர், மவுஸ், ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி) நான்கின் விலையையும் கடைக்குப் போக முன்னர் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு ஒரு நல்ல பாவித்த லப்டொப்பே கிடைக்கலாம்.

கேலக்ஸி டெப் ஏ9 பிளஸ் வைத்திருக்கிறேன். வகுப்பில் புரொஜெக்டருக்குக் கொடுக்க யூஎஸ்பி-சி எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கினேன். படம் வரவில்லை. கடையில் மாற்றித் தந்ததிலும் வரவில்லை. (கிண்ணியா, ஆசிரியர்)

மொடலை எழுதியதற்கு நன்றி. அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: மூன்றாவது அடாப்டர் வாங்காதீர்கள். பிழை அடாப்டரில் இல்லை. யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். உள்ளே ஓடுவது பழைய யூஎஸ்பி 2.0 மட்டுமாக இருந்து, படத்துக்கான கம்பித் தொடர்பு தனியாகக் கொடுக்கப்படாவிட்டால் படம் வராது. உங்கள் டெப் அந்த வகை. டெக்ஸ் வசதி (டெப்பைக் கணினித் திரை போலக் காட்டும் சாம்சங் வசதி) அதன் சொந்தத் திரையில் வேலை செய்யும், கேபிள் வழியாக வெளித்திரைக்குப் போகாது.

‘எஸ்’ என்ற எழுத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். எஸ்6 லைட்டும் எஸ்9 எஃப்இயும் இதே கதைதான். எஸ்8, எஸ்9 போன்ற முழு மொடல்களில் படம் வரும். ஐபேட்டில் 2022இல் வந்த பத்தாம் தலைமுறையும் யூஎஸ்பி 2.0 வேகம்தான், ஆனால் அதில் படம் வரும். ஆகவே போர்ட்டின் வடிவம் வேறு, திறன் வேறு. மொடல் விபரத்தில் ‘டிஸ்ப்ளேபோர்ட்’ (படத்தை வெளித்திரைக்கு அனுப்பும் முறை) என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடாப்டர் வாங்குங்கள்.

உங்களுக்கு இப்போதைக்கு வழி, புரொஜெக்டரின் எச்டிஎம்ஐ துளையில் கம்பியில்லாமல் படம் வாங்கும் சிறு டொங்கிள் ஒன்றைச் செருகி, டெப்பின் ‘ஸ்மார்ட் வியூ’ மூலம் அனுப்புவது. வீடியோ சற்றுப் பின்தங்கும். பாடம் நடத்தப் போதும்.

2013 ஐபேட் ஏரில் மவுஸ் வேலை செய்யுமா?

செய்யாது. மவுஸ் வசதி 2020இல் ஐபேட் ஓஎஸ் 13.4 உடன்தான் வந்தது. உங்கள் ஐபேட் ஐஓஎஸ் 12க்கு மேல் ஏறாது. புளூடூத் கீபோர்ட் மட்டும் பூட்டலாம்.

அலுவலக எக்செல் கோப்பு டெப்பில் திறக்கிறது, திருத்த விடமாட்டேன் என்கிறது. மேக்ரோ பொத்தான்களும் அசையவில்லை. (தம்பலகாமம்)

இரண்டும் வேறு வேறு காரணங்கள். 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் எக்செல், வேர்ட் செயலிகளில் திருத்துவதற்கு மைக்ரோசொப்ட் 365 சந்தா வேண்டும். பார்ப்பது மட்டும் இலவசம். பெரிய திரை நல்லது என்று 11 அங்குலம் வாங்கியவர்கள் கனபேர் இதில் மாட்டியிருக்கிறார்கள். பிரவுசரில் திறந்தால் இலவசமாகத் திருத்தலாம். மேக்ரோ (கோப்புக்குள் எழுதிவைத்த சிறு நிரல்) மட்டும் டெப்பிலும் பிரவுசரிலும் ஓடவே ஓடாது. அந்தக் கோப்புக்கு அலுவலகக் கணினிதான்.

கீபோர்ட் பூட்டிய டெப்பில் பாடசாலை வினாத்தாள் கோப்புகளைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறது. டெப் பழுதா? எந்தக் கீபோர்ட் வாங்கினால் சரிவரும்? (மூதூர், ஆசிரியை)

தங்கச்சி, டெப்பும் பழுதில்லை, கீபோர்ட்டும் பழுதில்லை. உங்கள் கோப்பில் தமிழே இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். பாமினி நிறுவிய கணினி அந்தக் குறிகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. டெப்பில் அந்தப் போர்வை இல்லை, அதனால் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது.

எல்லாக் கருவியும் ஒரேமாதிரிப் புரிந்துகொள்ளும் எழுத்துக் குறிமுறையான யூனிகோட்டில் தமிழ் சேர்ந்து 30 வருடம் கடந்துவிட்டது. இன்றும் நமது திருகோணமலை மாவட்டத்தில் வினாத்தாள், சுற்றுநிருபம், கோயில் மலர், மரண அறிவித்தல் என்று எல்லாம் பாமினியில் வருகின்றன. எனக்கு இது வெறும் வசதிக்குறைவாகப் படவில்லை. பாமினிக் கோப்பில் ஒரு சொல்லைத் தேட முடியாது. போனில் அனுப்பினால் பெற்றோரால் வாசிக்க முடியாது. பார்வை இல்லாத ஒரு பிள்ளை திரைவாசிப்பானைப் போட்டுக் கேட்டால், தன் தாய்மொழிப் பாடத்தை அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகக் கேட்கிறது. நான் உதவிக்குப் போன ஒரு பாடசாலையில் 12 வருட வினாத்தாள்கள் ஒரு வட்டில் கிடந்தன. அதில் அலகு ஒன்றுக்கான கேள்விகளைத் தேடி எடுக்க, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து கண்ணால் வாசிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு ஆசிரியர்களின் உழைப்பு இப்படிப் பூட்டப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பாமினியை யூனிகோட்டாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரேயடியாக ஒட்டாதீர்கள். ஆங்கிலச் சொல்லும் கணித சமன்பாடும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். தமிழ்ப் பந்திகளை மட்டும் எடுத்து மாற்றி, மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டு வாசியுங்கள். பழையதை அவசரத்துக்கு ஏற்ப மாற்றினால் போதும். புதிய தாளை இனிமேல் யூனிகோட்டில் மட்டும் அடியுங்கள். ஐபேட்டில் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தமிழ்த் தட்டச்சு முறைகளும் கூடவே வருகின்றன. தமிழ்99இல் உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. இரண்டு கிழமையில் விரல் பழகிவிடும். ஆண்ட்ராய்ட் என்றால், கீபோர்ட் வாங்கும்போது கடையிலேயே டெப்போடு இணைத்து ஒரு தமிழ் வரி அடித்துப் பாருங்கள். திரையில் தொட்டு அடிக்கும்போது வரும் தமிழ், வெளிக் கீபோர்ட்டில் வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

ஹப் வழியாக ஹார்ட் டிஸ்க் பூட்டினால் டிக் டிக் என்று சத்தம் கேட்டு நின்றுவிடுகிறது. (சீனக்குடா)

மின்சாரம் போதவில்லை. சுழலும் டிஸ்க் கிளம்பும்போது ஏறக்குறைய 1 அம்பியர் கேட்கும். டெப்பால் அவ்வளவு கொடுக்க முடிவதில்லை. ஹப்பில் ‘PD’ என்று குறித்த, மின்சாரம் வாங்கும் துளையில் சார்ஜரைச் செருகிவிட்டுப் பிறகு டிஸ்க்கைப் பூட்டுங்கள், அல்லது சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். கோப்பு நகலெடுக்கும்போது சார்ஜரைப் பிடுங்காதீர்கள். ஹப் ஒரு கணம் விழுந்து எழும்பும், அந்தக் கணத்தில் கோப்பு கெடும். டிஸ்க் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற கோப்புச் சேமிப்பு முறையில் இருப்பது எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் பிரதி எடுங்கள். எந்த டெப் என்று நீங்களும் எழுதவில்லை.

வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கப் போகிறேன். ஐபேட்டும் கீபோர்ட்டும் போதுமா? (கோணேசபுரி)

போதாது தம்பி. லப்டொப் வாங்குங்கள்.

கீபோர்ட் கவரில் டெப்போடு தொடும் பொன்னிறப் புள்ளிகள் பச்சை பிடித்துவிட்டன. சில நேரம் எழுத்து விழுவதில்லை. (நிலாவெளி, விருந்தினர் விடுதி)

கடலுக்கு 200 மீட்டரில் இருந்தால் இது வரும். உப்புக் காற்றின் ஈரம் அந்தப் புள்ளிகளில் படிகிறது. ஐசோபுரொப்பைல் அற்ககோலை மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். கைக்குப் பூசும் சனிடைசர் ஜெல் வேண்டாம், பிசுபிசுப்பு மிஞ்சும். வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள். மீண்டும் வாங்குவதாக இருந்தால் புளூடூத் கீபோர்ட். அதில் வெளியே தெரியும் புள்ளி இல்லை.

பழைய யூஎஸ்பி பிரின்டரை டெப்பில் பூட்டலாமா?

நம்பி இறங்க வேண்டாம். வைஃபை பிரின்டர் வாங்குங்கள்.

இரவு ரயிலில் கொழும்பு போகும்போது டெப்பில் வேலை செய்ய 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் காணுமா?

11 அங்குல டெப்பை அது முக்கால்வாசி நிரப்பும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். டெப்பும் 100 வீதத்தில் கிளம்பினால் விடியும்வரை காணும். ஹப்பைக் கழற்றி வையுங்கள், ஒன்றும் பூட்டாவிட்டாலும் அது மின்சாரம் குடிக்கும்.