இடுப்புப் பிடிப்பும் சூரிய நமஸ்காரமும்

வணக்கம் சார்,

எனக்கு 48 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி ஏழாகிவிடும். மூன்று வருஷமாக சுகர் மாத்திரை, அதோடு கீழ் முதுகு வலி. டாக்டர் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை, உடம்பை அசையுங்கள், யோகா மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார். பக்கத்துத் தெருவில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே பன்னிரண்டு சூரிய நமஸ்காரம். கூட இருந்தவர்கள் எல்லாம் காலேஜ் பசங்கள். முட்டி மடங்காமல் குனிந்து தரையைத் தொட வேண்டும், வலித்தால்தான் வளையும் என்றார் மாஸ்டர். ஒரே வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது, நின்றுவிட்டேன். இதற்கிடையில் நண்பர் ஒருவர் திருமூலர் சொன்ன மூச்சுக் கணக்கு என்று 16, 64, 32 என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதைச் செய்தால் சுகரே போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். யோகா என் மாதிரி ஆளுக்கு ஆகுமா? ஆகும் என்றால் எங்கே தொடங்குவது?

ஆ., திருப்பூர்

அன்புள்ள ஆ.,

ஆகும். ஆனால் அந்த வகுப்பில் நீங்கள் செய்தது பக்கத்தில் நின்ற காலேஜ் பையனுக்கான யோகா. உங்களுக்கானது வேறு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இன்று வீடியோக்களில் நாம் பார்க்கிற, ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகிற, வியர்க்க விறுவிறுக்கச் செய்கிற யோகாவில் பெரும்பகுதிக்கு ஊற்று 1930களின் மைசூர். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியா ஒரு யோகசாலை நடத்தினார். பின்னால் யோக ஆசிரியராக உலகப் புகழ் பெற்ற பட்டாபி ஜோயிஸ் அவரிடம் கற்றவர், பி.கே.எஸ். ஐயங்கார் அவருடைய மைத்துனர். யோகசாலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பையன்கள். துறுதுறுவென்று இருக்கிற பையன்களைப் பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட முடியுமா? அவர்களுக்குத் தாவலும் துள்ளலுமாகத்தான் கற்றுக்கொடுக்க முடியும். 1938இல் எடுத்த ஒரு மௌனப் படத்துண்டு இணையத்தில் இருக்கிறது. இருபது வயதை ஒட்டிய ஐயங்கார் அதில் உடம்பை எப்படியெல்லாம் மடக்குகிறார் என்று பாருங்கள். நானும் ரசித்துப் பார்த்திருக்கிறேன். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே கிருஷ்ணமாச்சாரியா 1950களில் மெட்ராஸுக்கு வந்து குடியேறினார், 1989இல், நூறைக் கடந்த பிறகு, இங்கேயேதான் காலமானார். மெட்ராஸில் அவரைத் தேடி வந்தவர்கள் வேறு ஆட்கள். நோயாளிகள், வயதானவர்கள், ஆபீஸ் போகிறவர்கள். வந்தவருடைய நாடியைப் பார்ப்பார், மூச்சைப் பார்ப்பார், என்ன வேலை, என்ன வயது என்று பார்ப்பார், அதற்கேற்ற பயிற்சியைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பார். இன்ஜினியரிங் படித்த அவருடைய மகன் தேசிகாச்சார் அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டு 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கினார். உங்களுக்கு வேண்டியது மைசூர் கிருஷ்ணமாச்சாரியா இல்லை, மெட்ராஸ் கிருஷ்ணமாச்சாரியா.

சூரிய நமஸ்காரத்தோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. நல்ல பயிற்சி. மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்து சமஸ்தானத்து ராஜா 1920களில் அதை உடற்பயிற்சியாக ஊர் ஊராகப் பரப்பினார், இளைஞர்களுக்கு இன்றும் பொருத்தம்தான். உங்கள் விஷயம் வேறு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறவருக்குத் தொடையின் பின்பக்கத் தசைகள் இறுகிக் கிடக்கும். அந்த நிலையில் முட்டியை விறைப்பாக வைத்துக்கொண்டு குனிந்தால் இடுப்பெலும்பு கூடவே திரும்பாது, வளைய வேண்டிய வேலை மொத்தமும் கீழ் முதுகின் தலையில் விழும். பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? முட்டியை மடக்கிக் குனியுங்கள். தரையைத் தொட்டால் யாரும் மெடல் தரப்போவதில்லை.

அடிப்படை என்று நான் ஒன்றைத்தான் சொல்வேன், மூச்சு. கையைத் தூக்கும்போதும் நெஞ்சை விரிக்கும்போதும் உள்ளே, குனியும்போதும் வயிறு மடங்கும்போதும் வெளியே. மூக்கு வழியாக. மூச்சு முதலில் தொடங்க வேண்டும், அசைவு அதற்குப் பின்னால் வர வேண்டும், அசைவு முடிந்த பிறகும் மூச்சு கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். மூச்சு திக்கினாலோ, அடக்கிக்கொண்டாலோ, வாய் திறந்துகொண்டாலோ அளவு தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், அன்றைக்கு உங்கள் எல்லை அவ்வளவுதான். மாஸ்டர் சொல்வதைவிட உங்கள் மூக்கு சொல்வதைக் கேளுங்கள்.

சரி, எதைச் செய்வது? பிடிப்பு விட்ட பிறகு தரையில் ஒரு ஜமக்காளத்தை விரித்து மல்லாந்து படுங்கள். முட்டிகளை மடக்கி, கையால் பிடித்து, மூச்சு விடும்போது வயிற்றுப் பக்கம் இழுங்கள், மூச்சு வாங்கும்போது தளர்த்துங்கள். அப்புறம் பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி இடுப்பை மெதுவாகத் தூக்கி, விட்டபடி இறக்குங்கள். அப்புறம் கையும் முட்டியும் ஊன்றி முதுகைப் பூனை மாதிரி மேலே குவிப்பது, நிமிர்த்துவது. குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பது மாதிரி நெஞ்சைத் தூக்குகிற புஜங்காசனம், ஆனால் கையை அழுத்தாமல் முதுகு தானாக எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவு. எழுந்து நின்று கைகளை உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் ஆறு தடவை போதும். கடைசியில் சவாசனம், அதாவது மல்லாந்து அசையாமல் கிடப்பது. அதைத்தான் எல்லோரும் அவசரத்தில் வெட்டிவிடுகிறார்கள், செல்போனை வேறு அறையில் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் அப்படியே கிடங்கள். மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகாது. சாப்பாடு முடிந்து மூன்று, நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாட்டில் ஏதாவது மாற்றம் தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள், யோகா அப்புறம்.

இனி அந்த 16, 64, 32. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இருக்கிற கணக்குதான், உங்கள் நண்பர் இட்டுக்கட்டவில்லை. 16 எண்ணிக்கை உள்ளே இழுத்து, 64 நிறுத்தி, 32 வெளியே விடுவது. கூட்டிப் பாருங்கள், கணக்கர்தானே நீங்கள், ஒரு மூச்சுக்கு 112. அரை விநாடிக்கு ஒன்று என்று ஓட்டமாக எண்ணினாலும் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆகிவிடும். திருமூலர் இதை இயமம், நியமம் என்கிற ஒழுக்கங்கள், ஆசனம் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் அந்த முன்பகுதி வருவதில்லை. அடக்குவதை அப்படியே விட்டுவிடுங்கள். இழுப்பதைப் போல இரண்டு மடங்கு விடுவது என்ற அந்த ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று எண்ணிக்கை உள்ளே, ஆறு வெளியே. மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது, அதனால்தான் நீண்ட வெளிமூச்சு மனசைத் தணிக்கிறது. மாதக் கணக்கை முடிக்கிற நாட்களில் உங்கள் சீட்டிலேயே இதைச் செய்யலாம், பக்கத்துச் சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

சுகர் போய்விடுமா? மாத்திரையோடும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடும் சேர்ந்து யோகா சர்க்கரையைக் குறைக்க உதவும். மாத்திரைக்குப் பதிலாக நிற்காது. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டுகிற டெஸ்டில் (HbA1c) அளவு இறங்கினால் டாக்டரே டோஸைக் குறைப்பார், நண்பர் குறைக்க வேண்டாம். முதுகு வலியில் நம்பிக்கை இன்னும் அதிகம், நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு மருந்துக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாக யோகாவை அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்கிற மருத்துவர்கள் சங்கமே 2017 வழிகாட்டுதலில் சேர்த்திருக்கிறது. ஆனால் மேலே சொன்னதெல்லாம் மெதுவான பயிற்சி, இதயத்துக்கு அதில் பெரிய வேலை இல்லை. உலக சுகாதார அமைப்பு சொல்கிற வாரம் 150 நிமிஷக் கணக்குக்கு வேகமாக நடந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சுகர் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் ரத்தக்குழாய்க் கோளாறு முற்றியிருந்தால் சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் நிலைகளும், மூச்சை முக்கி அடக்குவதும் கூடாது, கண்ணுக்குள் ரத்தம் கசியக்கூடும். பிரஷரும் இருந்தால், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுகிற கபாலபாதியையும் தள்ளி வையுங்கள்.

காலையா மாலையா என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள். விடியற்காலை உடம்பு விறைப்பாக இருக்கும், உங்கள் முதுகுக்கு மாலைதான் சௌகரியம். ஏழு மணிக்கு மேல் வீடு வந்ததும், டிபனுக்கு முன்னால். நான்கு மணி டீயோடு கம்பெனியில் பஜ்ஜி வாங்கித் தின்னாமல் இருந்தால் வயிறும் காலியாக இருக்கும், சுகருக்கும் நல்லது.