தாப்பாவில் கருகுது, ரிங்லெட்டில் பூக்குது: ஸ்வீட் பீ கொடி பற்றி ஒரு கேள்வி

கேள்வி: வணக்கம் ஐயா. மலையடிவாரத்துத் தாப்பாவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். மகள் இணையத்தில் ஒரு பாக்கெட் ஸ்வீட் பீ விதை வாங்கித் தந்தாள். பாதியைக் கேமரன் மலையில், ரிங்லெட்டில் இருக்கும் தங்கச்சிக்குக் கொடுத்தேன். அவள் வேலி முழுக்கப் பூ, வாசம் வாசலிலேயே வருகிறது. என்னுடையது இரண்டடி வளர்ந்ததும் கீழ் இலை மஞ்சளாகிக் காய்ந்தது. நாலு மொட்டு வந்தது, அதுவும் விரியாமல் கொட்டிவிட்டது. கார் நிறுத்தும் இடத்துத் தகரக் கூரையோரம் கயிறு கட்டி ஏற்றியிருக்கிறேன். கோழி எரு போட்டேன், கொஞ்சம் யூரியாவும் போட்டேன். வேறு என்ன உரம் போட்டால் பூக்கும்? காய் பிடித்தால் பட்டாணி மாதிரி சமைக்கலாமா?

பதில்: வணக்கம்மா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். சமைக்கக் கூடாது. பேரில் 'பீ' இருப்பதாலும், காய் அச்சு அசலாகப் பட்டாணிக்காய் மாதிரியே இருப்பதாலும் பலர் ஏமாறுகிறார்கள். இது பூவுக்காக வளர்க்கும் செடி, விதையில் நச்சு இருக்கிறது. ஒன்றிரண்டு வாயில் போட்டதும் மயங்கி விழுகிற ரகமில்லை என்றாலும் தொடர்ந்து சாப்பிட்டால் எலும்பையும் மூட்டுகளையும் பாதிக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் காய்களைப் பிஞ்சிலேயே கிள்ளிப் போடச் சொல்லுங்கள் தங்கச்சியிடம். நாம் சமைக்கிற பட்டாணி இதற்குச் சொந்தக்காரன்தான், ஆனால் வேறு செடி.

சரி, உரத்துக்கு வருவோம். எந்த உரம் போட்டாலும் பூக்காது அம்மா. உங்கள் கைப்பக்குவத்திலும் குறை இல்லை. ஒரே பாக்கெட் விதையை மேலேயும் கீழேயும் பிரித்துப் போட்டு, பதிலை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். வித்தியாசம் சூடுதான்.

இந்தக் கொடியின் பிறந்த ஊர் இத்தாலியின் தெற்குப் பக்கம், சிசிலித் தீவு. 1699-இல் கூப்பானி என்ற பாதிரியார் அங்கிருந்து விதையை இங்கிலாந்துக்கு அனுப்பினார், அப்புறம்தான் வெள்ளைக்காரர் தோட்டங்களில் பரவியது. சிசிலியில் மழையும் குளிரும் சேர்ந்து வருகிற காலத்தில் முளைத்து, வசந்தத்தில் பூத்து, கோடை வெயில் ஏறுவதற்குள் விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப் போகும். சூடு ஏறினால் இதற்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். தாப்பாவில் பகல் 32, 33 டிகிரி, ராத்திரி 23, 24. அதன் கணக்குப்படி நம் ஊரில் வருஷம் முழுக்கக் கோடை. ரிங்லெட் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் சூடு குறையும். அந்த ஆறு டிகிரியில்தான் தங்கச்சி பூப்பறிக்கிறார்.

பகலைவிட ராத்திரிதான் முக்கியம். பகலில் இலை சேர்த்த சத்தை ராத்திரிப் புழுக்கத்தில் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடும், மொட்டுக்கு மிச்சம் இருக்காது. உங்கள் கொடிக்குக் கூடுதலாக ஒரு தண்டனை: தகரக் கூரை. மத்தியானம் இரண்டு மணிக்குக் கொடியின் நுனி இருக்கும் உயரத்தில் கையை வைத்துப் பாருங்கள், புரியும். நான் ஒருமுறை நிழல்வலை கட்டி, வேரடியில் தேங்காய் மட்டை பரப்பி, சாயங்காலம் ஐஸ் தண்ணீர்கூட ஊற்றிப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் சிரித்ததுதான் மிச்சம். மூன்றடி வந்தது, ஒரு பூ பூத்தது, ஒரு வாரத்தில் போய்விட்டது.

கோழி எருவும் யூரியாவும் நிலைமையை இன்னும் மோசமாக்கியிருக்கும். இது அவரை, பயறு இனம். வேரில் உள்ள சின்ன முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். அதற்கு மேல் நாமும் யூரியா கொட்டினால் இலையும் தண்டும் கொழுக்கும், பூ வராது. ஒரு செடியை மெல்லப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, கடுகு அளவு முடிச்சுகளோடு இருந்தால் வேர் நன்றாக இருக்கிறது. பழுப்பாக, விரலில் உருவினால் தோல் கழன்று வந்தால் அழுகல், தண்ணீர் தேங்கியிருக்கிறது. மஞ்சள் இலையின் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தட்டியும் பாருங்கள். மிளகாய்த்தூள் மாதிரி விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அது செஞ்சிலந்தி. கூரைச் சூட்டில், மழை படாத இடத்தில் கட்டாயம் வரும். இதற்காக மருந்து வாங்கிச் செலவு செய்யாதீர்கள். கொடியை எடுத்துவிடலாம்.

மிச்ச விதை இருந்தால் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஈரம் படாமல் ஐஸ் பெட்டியில் கீழ்த்தட்டில் வையுங்கள். செப்டம்பரில் தங்கச்சிக்கு அனுப்புங்கள். கேமரன் மலையில் வருஷக் கடைசி வரை மழை கொட்டும். ஜனவரி, பிப்ரவரிதான் கொஞ்சம் காயும். விதைத்துப் பூக்க மூன்று, மூன்றரை மாதம் ஆகும் என்பதால் செப்டம்பர் கடைசியில் போட்டால் பூக்கும் நேரம் சரியாக அமையும். அடைமழையில் நாற்று நனையாமல் கூரைக்கடியில் பாலிபேக்கில் வளர்த்து, அப்புறம் வேலிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

விதைத் தோல் கெட்டி. முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் உப்பியிருக்கும். உப்பாமல் குண்டுமணி மாதிரி கிடப்பதை மட்டும் நகவெட்டியால் விதையின் கண்ணுக்கு (காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு) எதிர்ப்பக்கம் லேசாகக் கீறி, மறுபடி ஊற வைக்க வேண்டும். ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். இதற்குத்தான் யாருக்கும் மனசு வராது. கிள்ளாவிட்டால் ஒற்றைத் தண்டாக ஓடி, உச்சியில் நாலு பூவோடு நின்றுவிடும். கிள்ளினால் அடியிலிருந்து பக்கக் கிளை வெடிக்கும். தேயிலை மலையில் இருக்கும் தங்கச்சிக்குக் கொழுந்து கிள்ள நான் சொல்லித் தர வேண்டியதில்லை!

நம் மலேசிய மண் பொதுவாகப் புளித்த மண், அதாவது அமிலம் கூடிய மண், தேயிலைக்கு அது பிடிக்கும், இந்தக் கொடிக்குப் பிடிக்காது. செம்பனைக்குப் போடுகிற டோலமைட் சுண்ணாம்புத் தூளில் ஒரு கைப்பிடியைக் குழிக்கு முன்கூட்டியே கலந்து வைக்கட்டும். மொட்டு வைக்கும்போது சாம்பல் சத்து தூக்கலாக உள்ள 12-12-17 உரம் அரைக் கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

அடுத்த முறை விதை வாங்கும்போது ரகத்தைப் பாருங்கள். 'ஸ்பென்சர்' என்று போட்டது பூ பெரியது, அழகு, ஆனால் நீண்ட பகலை எதிர்பார்க்கும். நமக்கு வருஷம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான். 'வின்டர் எலிகன்ஸ்' மாதிரி குறுகிய பகலில் பூக்கும் ரகம் மலைக்கு ஏற்றது.

உங்கள் கயிறு சும்மா இருக்க வேண்டாம். சங்குப்பூ போடுங்கள். அதே பயறு இனம், அதே மாதிரி ஏறும், தாப்பா வெயில் அதற்கு அல்வா. இரண்டு மாதத்துக்குள் பூக்கும். மலாய்க்காரர்கள் சோற்றுக்குப் போடுகிற நீலம் இதுதான். வெள்ளை ரகம் பூஜைக்கு ஆகும். வாசம்தான் இருக்காது. வாசம் வேண்டுமென்றால் ரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, அடுத்தடுத்த நாளில் ரோஸாகிச் சிவப்பாகும், ராத்திரி மணக்கும். ஆனால் அது முரட்டுக் கொடி, கயிறு தாங்காது, இரும்புக் குழாயில் ஏற்றுங்கள். தகரக் கூரை மேல் படர விடாதீர்கள், ஆணியோடு பிடுங்கும்.

ஸ்வீட் பீ பூ ஆசை விடவில்லையென்றால் தங்கச்சியிடம் கேளுங்கள். காம்பில் அடிப்பூ இரண்டு விரிந்து உச்சி மொட்டு மூடியிருக்கும்போது காலையிலேயே வெட்டி, ஈரத்துணி சுற்றி, கீழே வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடட்டும். பறிக்கப் பறிக்கத்தான் அந்தக் கொடி பூக்கும், அதனால் அவருக்கும் நஷ்டமில்லை. வந்ததும் காம்பை ஒரு அங்குலம் சரிவாக வெட்டித் தண்ணீரில் வைத்து, வீட்டில் குளுமையான மூலையாகப் பார்த்து வையுங்கள். தொலைக்காட்சிப் பெட்டி மேல் மட்டும் வேண்டாம்.