அலைன்மென்ட் பார்த்த பிறகும் கப்ளிங் புஷ் ஏன் தேய்கிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓடும் பம்பு. மோட்டார் ஷாஃப்டும் பம்பு ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்து அலைன்மென்ட் பார்த்தும், இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் புஷ் அடிக்கடி தேய்கிறது என்கிறீர்கள். ஸ்கேல் கண்ணுக்குத் தெரியும் கோணலைத்தான் காட்டும். நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் பம்புக்குத் தலைமுடி அளவு விலகலே அதிகம். நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வாங்குங்கள்.

முதலில் மோட்டாரின் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தும்போது அந்தக் கால் 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால், அடியில் இடைவெளி இருக்கிறது. பெரும்பாலும் பழைய பெயின்ட், துருதான் காரணம். சுரண்டிவிட்டு, காலுக்கு அடியில் சரியான ஷிம் (அளவான மெல்லிய உலோகத் தகடு) போடுங்கள். டின் தகரத்தை வெட்டி வைக்கிற நம்ம ஊர் வழக்கம் வேண்டாம்!

அப்புறம் இரண்டு ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றி, கப்ளிங் விளிம்பில் டயல் கேஜால் அளவெடுங்கள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான விலகல். பலர் முழு அளவுக்கும் ஷிம் போட்டுவிடுகிறார்கள்.

சூட்டையும் மறக்காதீர்கள். வார்ப்பிரும்பு மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 0.011 மி.மீ. விரியும். அடித்தளத்திலிருந்து ஷாஃப்ட் மையம் 300 மி.மீ. உயரம், 40 டிகிரி சூடேற்றம் என்றால் மோட்டார் 0.13 மி.மீ. உயரும். பம்பு சூடாகாவிட்டால், குளிர்ந்த நிலையில் மோட்டாரை அவ்வளவு தாழ்த்தி வையுங்கள்.