டிகிரி இல்லாமல் வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் ஆகலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்ததும் குடும்பச் சூழலால் கல்லூரிக்குச் செல்ல இயலாமல் கால் சென்டர் வேலைக்குப் போனேன். ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன். எங்கள் பகுதி இரவுப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கம்போடியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை இருக்கிறது, டிகிரி வேண்டாம், டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று மண்ணடி ஏஜென்ட் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வியாசர்பாடி

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். டிகிரி இல்லாதவர்களையும் ஆசிரியர்களாக எடுத்துக்கொண்ட தனியார் பள்ளிகள் கம்போடியாவில் இருந்துவந்திருக்கின்றன என்பது உண்மைதான். அந்த அரை உண்மையை வைத்துத்தான் ஏஜென்ட் விலை பேசுகிறார். ஆனால் அந்நாட்டின் சுற்றுலா விசா, அதாவது ‘டி’ வகை, 30 நாள்களுக்கு மட்டுமே. அதை மேலும் ஒரு மாதத்துக்கு ஒரேயொரு முறை நீட்டிக்கலாம், அவ்வளவுதான். வேலைக்குச் செல்பவர் தொடக்கத்திலேயே ‘இ’ வகை விசாவில் நுழைந்து, பின்னர் ஒர்க் பர்மிட்டும் பெற வேண்டும். ஆகவே, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பவர் விதி தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புபவராக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. நல்ல வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்டதையும், போலி வேலைவாய்ப்புகள் குறித்து 2022 முதல் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்துவருவதையும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலமும் கணினியும் தெரிந்து, தொலைபேசியில் பேசிப் பழகிய உங்களைப் போன்றவர்களைத்தான் அந்தக் கும்பல்கள் தேடுகின்றன என்பதை அம்மாவிடமும் சொல்லுங்கள்.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினாலே விடை தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு தேறியவர் என்பதால் உங்கள் பாஸ்போர்ட் ‘ஈ.சி.என்.ஆர்.’ வகையில், அதாவது குடிபெயர்வு அனுமதி வாங்கத் தேவையில்லாத வகையில் வரும். அது வசதிதான் என்றாலும், நீங்கள் புறப்படும்முன் வேலை ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் வாங்கிப் பார்க்க மாட்டார் என்பதும் அதன் பொருள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையிலேயே இயங்கும்போது, ஏஜென்ட்டை மட்டுமே நம்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மற்ற பல நாடுகளில் டிகிரி என்பது திறமைக்கான அளவுகோலாக இல்லாமல் விசாவுக்கான நிபந்தனையாக இருக்கிறது; எனவே நீங்கள் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் அதைத் தாண்ட முடியாது. தென்கொரியாவின் ‘இ-2’ விசா டிகிரியைக் கேட்பதோடு, பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே கிடைக்கும். சீனா டிகிரியுடன் இரண்டாண்டு அனுபவத்தையும் எதிர்பார்க்கிறது. தாய்லாந்துப் பள்ளிகளில் இந்தியர்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் டிகிரியோடு டோயிக் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்பது வழக்கம். பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆங்கிலத்தை எடைபோடும் இந்த வழக்கம் நியாயமானதன்று என்பதே என் கருத்து; ஆயினும் விசா அலுவலகத்தில் அந்த வாதம் எடுபடாது.

ஆகவே, வேலையை விடாமல் முதலில் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. ஆங்கிலம் சேருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம், சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ ஆகிய மூன்றுமே உங்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பாடசாலையை விட்டுவிடாதீர்கள்; எந்த வகுப்புக்கு, எந்த ஆண்டு முதல் கற்பித்தீர்கள் என்று பொறுப்பாளரிடம் கையொப்பமிட்ட கடிதம் வாங்கி வையுங்கள்.

கேள்வி: பிறமொழியினருக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர ‘டெஃபல்’ சான்றிதழ் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது டிகிரிக்கு ஈடாகுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: ஆகாது. கேம்பிரிட்ஜ் வழங்கும் ‘செல்டா’ இத்துறையில் பெரிதும் மதிக்கப்படும் சான்றிதழ். அதில் சேர டிகிரி கட்டாயமில்லை. பயிற்சியாளர் முன்னிலையில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்பதுதான் அதன் சிறப்பு. அதுவும்கூட டிகிரி கேட்கும் நாட்டில் விசாவைப் பெற்றுத்தராது. நீங்கள் சொல்லும் படிப்பில் வகுப்பெடுக்கும் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், அந்தப் பணத்தை மேலே சொன்ன பி.ஏ.வின் முதலாண்டுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.